இன்னும் கொஞ்சம் இழு

இடது புருவத்தில் பிளாஸ்திரியோடு இதை எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடி போடாமல் போயிருந்தால் ஒற்றைக் கண்ணோடு எழுதிக்கொண்டிருப்பேன். காரணம், 40 ரூபாய்க்கு வாங்கிய ஒரு ரப்பர் கயிறு.

செவ்வாய்க்கிழமை. ஸ்கூட்டரின் பின்சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை. ஒரு பக்கம் கொக்கியை மாட்டி, மூட்டைக்கு மேலே கொண்டுவந்தால், மறுபக்கக் கம்பிக்கு அரை விரல் தூரம் பாக்கி. "இன்னும் கொஞ்சம் இழுங்க சார், எட்டிடும்" என்றார் கடைக்காரர். இழுத்தேன். எட்டியது. என் புருவத்தை.

அன்று சாயங்காலமே தங்கை போன் செய்தாள். அவள் மகன் ரிஷிகேஷ் போகிறானாம். இந்த வயதிலேயே கங்கா ஸ்நானமா என்று மகிழ்ந்துபோனேன். ஸ்நானம் இல்லையாம், பங்கி ஜம்ப்பாம். மோகன்சட்டியில் 83 மீட்டர் உயர மேடையிலிருந்து, காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கிறானாம்.

"அது சேஃப்தானாண்ணா? நீதான் எல்லாத்தையும் படிக்கிறவனாச்சே, பாத்துச் சொல்லேன்."

ரப்பர் கயிற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அன்றைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் ஊரில் கிடையாது. உட்கார்ந்து படித்தேன். பதிலை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன்.

1979இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் நான்கு பேர் குதித்ததில்தான் இந்த விளையாட்டு தொடங்குகிறது. தேதி ஏப்ரல் 1. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. போலீசுக்குப் பிடிக்கவில்லை; கைது செய்தார்கள். அவர்களுக்கும் மூத்தவர்கள் வனுவாட்டுவின் பெந்தகோஸ்து தீவுக்காரர்கள். காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு மரக் கோபுரத்திலிருந்து மண்ணை நோக்கிக் குதிப்பார்கள். கொடியில் இழுவை இருக்கும் பருவத்தில் மட்டும்தான். 1974இல் எலிசபெத் மகாராணி வருகிறார் என்று பருவம் வருமுன்பே குதிக்க வைத்தார்கள். கொடி அறுந்து ஒருவர் இறந்துபோனார். பெரிய மனிதர் வருகிறார் என்றால் எந்த ஊரிலும் முதலில் வளைவது விதிதான்.

கயிற்றுக்கு வருகிறேன். உள்ளே மெல்லிய ரப்பர் இழைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. குதிப்பவரை எடை போட்டு, எடைக்கேற்ற கயிற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு குதிப்பையும் ஏட்டில் குறிக்கிறார்கள். வெயில் பட்டால் ரப்பர் கெடும் என்பதால் அதற்கும் கணக்கு. எண்ணிக்கை முடிந்ததும், நன்றாக இருந்தாலும், கழித்துவிடுகிறார்கள்.

நன்றாக இருந்தாலும்! இதைப் படித்ததும் புருவத்தைவிட வயிறு அதிகமாக எரிந்தது.

நம் வீட்டில் எந்தக் கயிறு ஓய்வு பெற்றிருக்கிறது? என்னை அடித்ததற்கு வயது 11. ஸ்கூட்டர் வந்தபோது வாங்கியது, சிலிண்டர் சுமந்தது. மேலுறை கிழிந்து உள்ளிழைகள் இடியாப்பமாகப் பிதுங்கியபோது மாடிக்குக் குடிபோய்த் துணிக்கொடி ஆனது. அங்கே இரண்டு கோடை வெயிலைக் குடித்தது. அறுந்தது, முடிச்சுப் போட்டோம். முடிச்சுப் போட்டதால் நீளம் குறைந்து, பழைய பேப்பர் கட்டுக்கு வந்தது. கொக்கி நிமிர்ந்துபோக, கட்டிங் பிளேயரால் வளைத்தேன். பிறகு தாழ்ப்பாள் உடைந்த கேட்டுக்குக் காவல். அங்கிருந்து ஒருநாள் அவசரத்துக்கு அவிழ்த்து, மறுபடி ஸ்கூட்டருக்கு. மத்திய அரசில்கூட இத்தனை பணியிட மாற்றம் கிடையாது. தூக்கிப் போடப் போனால், "நல்லாத்தானே இருக்கு, எதுக்காவது ஆகும்" என்று வீட்டில் ஒரு குரல் வரும். அம்மா இருந்தவரை அம்மா குரல். பிறகு மனைவி குரல். இப்போது, வெட்கத்தோடு சொல்கிறேன், என் குரல்.

எங்கே விட்டேன்? ஆமாம், பாதுகாப்பு. ஆபத்து என்றால் கயிறு அறுவதுதான் என்று நினைத்திருந்தேன். அறாத கயிறும் ஆபத்துதானாம். நீளக் கணக்கு தப்பினால் கயிறு முழுசாக இருக்கும், ஆள் தரையில் இருப்பார். 2011 டிசம்பர் 31 அன்று விக்டோரியா அருவிப் பாலத்தில் நிஜமாகவே அறுந்தது. 111 மீட்டர் பாலத்திலிருந்து குதித்த ஆஸ்திரேலியப் பெண் சாம்பசி ஆற்றில் விழுந்து, கட்டிய காலோடு நீந்திக் கரையேறினார். இதைத் தங்கையிடம் சொன்னேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதற்குள் பையனே வந்துவிட்டான். இரவு ரயில். அவன் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்து, கயிற்றைப் போட்டு, ஒரு கொக்கியை மாட்டினேன். மறு கொக்கிக்கு அரை விரல் பாக்கி. "இந்தப் பக்கம் பிடிடா" என்று திரும்பினால் ஆளைக் காணோம். கேட்டுக்கு வெளியே, கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

"விடுங்க மாமா, நான் ஆட்டோ சொல்லிட்டேன்."