வெள்ளைக்காரன் விட்டுப்போன எஞ்சின்

அம்பத்தூர், ஆவடிவாசிகளுக்கு மூர் மார்க்கெட் என்றால் இன்று மின்சார ரயில் புறப்படும் இடம். சென்ட்ரலை ஒட்டிய புறநகர் முனையத்துக்கு அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. என் தலைமுறைக்கு அது பழைய சாமான்களின் சொர்க்கம். 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே 30ஆம் தேதி தீப்பற்றி அழிந்தது. பொம்மை ரயில் வாங்கிய இடத்தில் இப்போது நிஜ ரயில் ஏறுகிறோம்.

எழுபதுகளில் என் சித்தப்பா ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவார். கிராமபோன் தட்டுகளுக்கும் பழைய புத்தகங்களுக்கும் நடுவே, கைக்குக் கனமாக, கறுப்பாக ஒரு குட்டி எஞ்சின் கிடைத்தது. "வெள்ளக்காரன் உட்டுட்டுப் போனது சார், சண்டைக்கு முந்தின சரக்கு" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தைதான் அன்று அதற்குப் பிறப்புச் சான்றிதழ். சித்தப்பா பேரம் பேசி வாங்கித் தந்தார். தண்டவாளமும் கிடையாது, டிரான்ஸ்பார்மரும் கிடையாது. கூடத்துத் தரையில் கையால் தள்ளித்தான் ஓட்டினேன்.

அந்த எஞ்சின் இன்றும் என்னிடம் இருக்கிறது. லிவர்பூல் மெக்கானோ நிறுவனத்தின் ஹார்ன்பி டப்லோ அது. அந்த வரிசை 1938இல் தொடங்கியது. ஆக, கடைக்காரர் சொன்னது நடக்காத கதையல்ல. ஆனால் எஞ்சினின் பக்கவாட்டில் 69567 என்ற எண் இருக்கிறது. பலர் இதைத் தயாரிப்பு எண் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது இங்கிலாந்தில் ஓடிய நிஜ எஞ்சினின் எண். 1948 ஜனவரி 1ஆம் தேதி பிரிட்டிஷ் ரயில்வே நாட்டுடைமை ஆனபோது, எல்.என்.இ.ஆர். கம்பெனி எஞ்சின்களின் எண்களோடு 60,000 கூட்டப்பட்டது. அப்படித்தான் 9567 என்பது 69567 ஆயிற்று. 1947இல் கப்பலேறிய எந்த வெள்ளைக்காரனும் இதை விட்டுவிட்டுப் போயிருக்க முடியாது! நாட்டுடைமை ஆன ரயில்வேயின் வண்ணங்களை டப்லோ 1953இல்தான் கொண்டுவந்தது.

மறு எல்லையை எஞ்சினின் அடிப்பாகம் சொல்கிறது. நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடு அங்கே இருக்கிறது. இரண்டு தண்டவாள முறைக்கு டப்லோ 1959இல் மாறத் தொடங்கியது. 1964இல் மெக்கானோ நிறுவனமே ட்ரை-ஆங் ரயில்களைச் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. ஆக, என் எஞ்சின் 1953க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தது.

கொக்கி, சின்னம், மோட்டார், ஊர்ப்பெயர் எல்லாமே சாட்சிகள்தான். பக்கவாட்டில் பிரிட்டிஷ் ரயில்வே சின்னத்தின் சிங்கம் சக்கரத்தின் மேல் நின்றால் அது பழைய சின்னம். கிரீடத்திலிருந்து எழுந்து சக்கரத்தைப் பிடித்திருந்தால் 1956க்குப் பிந்தையது. 'மேட் இன் சைனா' என்றிருக்கும் ஹார்ன்பி, உற்பத்தி அங்கே போன தொண்ணூறுகளுக்கு முந்தையது ஆகாது. பெரும்பாலான அடையாளங்கள் 'இதற்கு முன்பு இல்லை' என்று மட்டுமே சொல்லும். மேலுடல் ஓர் எஞ்சினிலிருந்தும் அடிச்சட்டம் இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நம் நிஜ ரயில்களில் இந்தச் சிரமம் இல்லை. வில்லிவாக்கத்தை ஒட்டிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்து வெளிவரும் எக்ஸ்பிரஸ் பெட்டியின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அது தயாரான ஆண்டு. அம்பத்தூர் நடைமேடையில் நிற்கும் சிறுவன்கூட அதைப் படித்துவிடலாம். பொம்மைக்கு அந்த வசதி இல்லாததால்தான் அதன் ஒவ்வொரு கீறலும் மதிப்புள்ளதாகிறது.

அன்று கடைக்காரர் சொல்லே வேதம். இன்று இணையத்தில் விற்பவர்கள் எல்லாவற்றையும் 'விண்டேஜ்' என்கிறார்கள். இரண்டு வாக்கையும் நம்பாமல் பொருளைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய எஞ்சின் இருந்தால் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். எண்ணும் சின்னமும் அழிந்தால் அதன் வயதும் அழிந்துவிடும். யாரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டு வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.