செக்ரோலுக்குக் கிழவி, கொழுந்துக்குக் குமரி

முதுமை உடம்பில் வருகிறது என்பது பொது நம்பிக்கை. இலங்கையில் அது பெரும்பாலும் சட்டப் புத்தகத்தில்தான் வருகிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பணத்தை மீளப்பெற ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்று வயது வைத்தது. அரச ஊழியரின் ஓய்வு வயது 2022 தொடக்கத்தில் 65 ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை 60 ஆக்க யோசனை சொன்னவர், 73 வயதில் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க. எட்டே மாதத்தில் ஊழியர்கள் ஐந்து வயது மூத்துவிட்டார்கள். நாற்காலிக்கு மட்டும் நரை விழவில்லை.

பசறைத் தேயிலைத் தோட்டங்களில் சேமலாபப் பணம் வாங்கி, செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டப்பட்ட பாட்டியும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலை ஏறுகிறாள். முழங்கால் தேய்வது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் சுமையோடு சரிவில் ஏறி இறங்கியே ஆயுள் கழிந்தால் எந்த முழங்காலும் தேயும். அதை வயதின் கணக்கில் எழுதுவது வசதி, வேலையின் கணக்கில் எழுதினால் நட்டஈடு கேட்பார்கள். அப்படியானால் ஓய்வே வேண்டாமா? வேண்டும், மாத ஓய்வூதியத்தோடு. அதுவரை, “இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு!” என்று பாட்டியை மெச்சுவது அவளுடைய வறுமைக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ்தான்.