காத்தாடியை நிறுத்துங்க மாப்ள

நேத்து ராத்திரி உங்க வீட்ல நடந்த யுத்தத்தைப் பத்தி மக போன்ல சொன்னா. எதிரிப் படை எம்புட்டுன்னு கேட்டேன். ஒரே ஒரு வௌவாலாம். நம்ம பக்கம் வெளக்குமாறு, கொசு மட்டை, கட்டில் மேல ஏறி நின்ன நீங்க. சேதாரம், சாமி படத்துக் கண்ணாடியும் உங்க கணுக்காலும். வௌவால் மட்டும் திரைச்சீலைல தொங்கிக்கிட்டு வேடிக்கை பாத்துச்சாம்.

பரவால்ல மாப்ள. அடுத்த தடவையும் இப்படியே செய்யுங்க. காத்தாடியை அஞ்சுல வச்சுக்கங்க, அதுவா வந்து அடிபட்டுச் செவுரெல்லாம் சிதறும். வெள்ளையடிக்கிறவனுக்கும் பொழப்பு வேணும்ல? சன்னலை இறுக்கிச் சாத்திருங்க, இன்னொண்ணு வந்துட்டா? உள்ள இருக்கறது எப்படி வெளிய போகும்னு மட்டும் யாரும் கேக்கப்படாது.

இல்ல, பட்டிக்காட்டான் பேச்சையும் கேட்டுப் பாப்போம்னா, மொதல்ல காத்தாடி சுவிச்சு. அவசரம் அது ஒண்ணுக்குத்தான். பெறகு மத்த அறைக் கதவைச் சாத்தி, வாசலையும் சன்னலையும் விரியத் திறந்து, உள் விளக்கை அணைச்சுட்டுத் திண்ணைல போய் உக்காருங்க. அது சுத்திச் சுத்தி வர்றது உங்களைக் கொத்த இல்ல, வழி தேடுது. பூச்சி தின்னுற வௌவால்னா, தன் சத்தம் எதுல பட்டுத் திரும்புதுன்னு கேட்டுத்தான் பறக்குது. அந்தச் சத்தம் நம்ம காதுக்கு எட்டாது. உங்க சத்தந்தான் நாலு தெருவுக்குக் கேட்டுருக்கு.

வந்தது எந்த வௌவால்னு பாத்தீகளா? கட்டைவிரல் தண்டின்னா பூச்சிதின்னி. உங்க டியூப்லைட்டுக்கு வந்த பூச்சியைத் தொரத்திக்கிட்டு வந்துருக்கும். ராத்திரிச் சம்பளமில்லாத வேலைக்காரன். நாய் மூஞ்சியா, கொய்யாப்பழச் சக்கையைத் துப்பி வச்சிருந்தா பழந்தின்னி. அதுக்கு ஒரு கதை உண்டு. 1972-ல வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னியைக் காக்கா, எலியோட சேத்துத் தொல்லைப் பட்டியல்ல போட்டுச்சு. நம்ம தேனி மேகமலைல பிடிச்ச ஒரு பழந்தின்னிக்கு அதே வருசந்தான் பறவை ஆராய்ச்சிக்காரர் சாலிம் அலி பேரை வச்சாக. பேரு வைக்க ஒரு கை, அடிக்கச் சொல்ல ஒரு கை! 2022 திருத்தத்துலதான் அந்தப் பட்டியலையே தூக்குனாக. கோயில் விளக்குக்கு இலுப்பைக் கொட்டையை உங்க அப்பத்தா மரமேறியா பறிச்சாக? வௌவால் சதையைத் தின்னுட்டுப் போட்டதைக் கூடைல அள்ளினாக.

வௌவால் வீட்டுக்குள்ள வந்ததுக்குச் சோசியரு பரிகாரம் சொன்னாராமே. அவரு வீட்டு மச்சுல ஒரு கூட்டமே தொங்குது, அதுக்கென்ன பரிகாரம்னு கேட்டுட்டு வாங்க.

ஒண்ணுல மட்டும் விளையாட்டு வேணாம். வெறுங்கையால தொடாதீக. தரைல விழுந்து கெடந்தா அங்கருந்து எழும்ப அதுக்குச் சிரமம். தடித்த துண்டைப் போத்தி அட்டைப்பெட்டியில எடுத்து, பொழுது சாஞ்சதும் மரத்துல உசரமா ஒட்ட விடுங்க, தானா போயிரும். கடிச்சிருச்சுன்னா, பிராண்டிருச்சுன்னாலும் சரி, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடுற தண்ணீல கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. மஞ்சப்பத்து வைக்கிறேன்னு மாமியா வந்தா அவுகளையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. புழுக்கையை உலர்ந்த வாக்குல பெருக்காதீக, மூக்கைக் கட்டிக்கிட்டு ஈரத்துணியால தொடைங்க. அணில் கடிச்ச பழம் இனிக்கும்னு சின்ன வயசுல தின்னோம். அந்தச் சலுகையை வௌவால் கடிச்சதுக்கு நீட்டாதீக. 2018-ல கோழிக்கோட்டுல நிபாக் காய்ச்சல் வந்தப்ப எல்லாரு கையும் பழந்தின்னியைத்தான் காட்டுச்சு.

ஓட்டுக்குள்ளயே வௌவால் குடியிருந்தா, சாயங்காலம் மொபைலைக் கீழ வச்சுட்டு முற்றத்துல நின்னு ஓட்டோரத்தைப் பாருங்க. எந்தச் சந்துல இருந்து புறப்படுதுன்னு தெரியும். பகல்ல அடைச்சா உள்ளயே செத்து நாறும், அப்ப நீங்கதான் தலைகீழாத் தொங்கணும். பறக்கத் தெரியாத குட்டி இருந்தா அது எறக்கை முத்துற வரைக்கும் பொறுங்க, வாடகையா கேக்குது? எல்லாம் கெளம்புனது உறுதியானதும் அடைங்க. சிமெண்டு என் கொட்டாயில அரை மூட்டை கெடக்கு, எடுத்துக்கங்க. காசை மககிட்ட குடுத்து விடுங்க. மாமன்னு பாத்தா கட்டுபடியாகாது.