கொள்ளிடத்தில் இறக்கலாமா வண்டியை?

ஸ்ரீரங்கம் வாசகர்: புது ஃபோர்-பை-ஃபோர் வாங்கியாயிற்று. வீட்டுக்குப் பக்கத்திலேயே கொள்ளிடம். மணலில் இறக்கிப் பார்த்துவிடட்டுமா?

வேண்டாம். ஆறு காய்ந்து கிடந்தாலும் சும்மா கிடக்கவில்லை. திருச்சி மாநகரத்துக்கும், ராமநாதபுரம் வரை போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் காவிரி, கொள்ளிடத்து மணலடியிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள். உங்கள் வண்டி ஒழுக்கும் ஆயிலும் அதே மணல் வழியாகத்தான் கீழே இறங்கும். அடுத்தது, மணல் அள்ளிய பழைய குழிகள். வெள்ளம் வந்து வண்டலால் மூடிவிட்டுப் போயிருக்கும். பார்வைக்குச் சமதளம், டயர் ஏறினால் அச்சு வரை உள்ளே. மூன்றாவது, முக்கொம்பு. அங்கே தண்ணீர் திறந்தால் உங்களுக்கு யாரும் போன் போட்டுச் சொல்லப் போவதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கிருந்த கொள்ளிடம் கதவணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் அதே மாதம்தான் இடிந்து விழுந்தது. அந்த ஆற்றோடு பந்தயம் வேண்டாம்.

உறையூர் வாசகர்: பின்னே எங்கேதான் ஓட்டிப் பார்ப்பது? பச்சைமலைக்குப் போகலாமா?

பச்சைமலைக்குத் தாராளமாகப் போங்கள், தார்ச்சாலையில். சாலையை விட்டு இறங்கினால் பெரும்பாலும் வனத்துறையின் இடம். துறையூர், மணப்பாறைப் பக்கம் அறுவடை முடிந்த மானாவாரிக் காடு வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். அவரிடம் கேட்டுக்கொண்டு, வரப்பை உடைக்காமல் ஓட்டுங்கள். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிலத்தில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். எங்கே பொதபொத என்று இருக்கிறது, எங்கே கல் துருத்துகிறது என்பதெல்லாம் காலுக்குத்தான் முதலில் தெரியும். துணைக்கு இன்னொரு வண்டி கட்டாயம். ஒத்தை வண்டியாகப் போய்ச் சிக்கினால், இழுக்க டிராக்டர் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

தில்லைநகர் வாசகர்: புது வண்டியில் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? வேகத்தையா?

வேகத்தை பைபாஸில் எந்த காரும் காட்டும். ஃபோர்-பை-ஃபோரை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதை வைத்துத்தான் எடை போட வேண்டும். மேன்யுவல் வண்டி என்றால் ஃபோர் லோ, முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஆள் நடக்கும் வேகத்தில் மேடேற வேண்டும். இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும்.

அடுத்தது குறுக்குச் சோதனை. முன் இடது சக்கரத்தை மேட்டிலும் பின் வலது சக்கரத்தை இன்னொரு மேட்டிலும் ஏற்றுங்கள். மற்ற இரண்டு சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் தொங்கி வெறுமனே சுற்றும். அந்த நேரத்தில் காலை எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரைச் சீராக அழுத்திக்கொண்டே இருங்கள். கீழேயிருந்து கடகடவென்று சத்தம் வரும். வெறுமனே சுற்றும் சக்கரத்தை பிரேக் தானாகப் பிடிக்கிற சத்தம் அது. பிடித்ததும், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவை போய் வண்டி மெல்ல நகரும். நகர்ந்தால் தேறிவிட்டது. வண்டி அப்படி முறுகி நிற்கும்போதே ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டு, கதவையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். சிக்காமல் மூடினால் கூடு உறுதி.

லால்குடி வாசகர்: டிஃபரன்ஷியல் லாக் என்கிறார்களே, அதற்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா?

லால்குடியில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் ஊரில் சேற்றுழவு ஓட்டும் டிராக்டர் டிரைவரிடம் கேளுங்கள். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்ததும் குதிகாலுக்கருகே ஒரு மிதியை அழுத்துவார். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றி வெளியே வந்துவிடும். அதேதான் இது. சேறும் பாறையும் உங்கள் வழியில் உண்டு என்றால் கொடுக்கலாம். கூர்கா வண்டியில் முன்னும் பின்னும் இரண்டு லாக் வருகிறது. லாக் போட்டுக்கொண்டு கெட்டியான தரையில் மட்டும் திரும்பாதீர்கள்.

கே.கே.நகர் வாசகர்: தாரா, ராக்ஸா, ஜிம்னியா?

அச்சுக்கு அச்சு உள்ள நீளத்தைப் பாருங்கள். மூன்று கதவு தாருக்கு 2,450 மி.மீ., ஜிம்னிக்கு 2,590, ராக்ஸுக்கு 2,850. நீளம் கூடக்கூட உள்ளே உட்காருபவருக்குச் சுகம், கரை ஏறி இறங்கும்போது வண்டியின் வயிறு தட்டும். குடும்பத்தோடு வாய்க்கால் கரைகளில் போகிறவருக்கு என் ஓட்டு ஜிம்னிக்கு. எடை குறைவு, சிக்கினாலும் நாலு பேர் தள்ளிவிடலாம்.

சமயபுரம் வாசகர்: 650 மி.மீ. தண்ணீரில் தார் போகும் என்று போட்டிருக்கிறார்களே?

அது நிற்கிற தண்ணீருக்கு, அதுவும் மெதுவாகப் போனால். ஓடுகிற தண்ணீருக்கு முழங்கால் அளவே அதிகம். வண்டியைத் தூக்கித் தள்ளிவிடும். வேகமாக இறங்கினால் அலை பானெட் மேல் ஏறி, காற்று இழுக்கும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போகும். பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நடுவில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்.

திருவெறும்பூர் வாசகர்: மணலுக்கு டயரில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே?

32 பி.எஸ்.ஐ. இருந்தால் 18 வரை இறக்கலாம். டயர் நீளவாக்கில் பரந்து மணலில் மிதக்கும். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். அழுத்த அழுத்தத் தோண்டும். தார்ச்சாலைக்கு வருமுன் திரும்ப அடித்துக்கொள்ள ஒரு சின்ன பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும்.

சத்திரம் பேருந்து நிலையம் வாசகர்: பிடிமானத்துக்காக ஊருக்குள்ளும் ஃபோர் ஹையிலேயே ஓட்டலாமா?

தார், ராக்ஸ், ஜிம்னி மூன்றிலும் கூடாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். தார்ச்சாலை நழுவவிடாது, முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் விழும்.

மண்ணச்சநல்லூர் வாசகர்: வைக்கோல் கிடக்கும் வயலில் ஓட்டினேன். ஏதாவது பார்க்க வேண்டுமா?

உடனே! குனிந்து சைலன்ஸர் பக்கம் பாருங்கள். வைக்கோல் சொருகியிருந்தால் சூட்டில் பற்றிக்கொள்ளும். சைலன்ஸர் ஆறியதும் குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கண்டோன்மென்ட் வாசகி: வண்டி என் பெயரில், ஓட்டப்போவதும் நான்தான். ஆனால் ஷோரூமில் ஃபோர் லோவை என் கணவருக்கு விளக்கினார்கள்!

ஆஃப்ரோடுக்குக் கைபலம் வேண்டாம், இழுப்பதை ஃபோர் லோ பார்த்துக்கொள்ளும். வேண்டியது பொறுமையான கால். ஸ்டியரிங்கில் நீங்கள் உட்காருங்கள். கேட்ட பாடம் வீணாகாமல், முன்னால் நடந்து கல்லும் குழியும் பார்த்துக் கை காட்டும் வேலையை அவருக்குக் கொடுங்கள்.