தூங்க விடாத ராத்திரிகள்

சோழவந்தான் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவரையோ, அலங்காநல்லூரில் மாடு தூக்கி எறிந்த பையனையோ வீட்டுக்குக் கொண்டுவந்தால், காயத்தில் காப்பித்தூளை அப்பித் திண்ணையில் சாய்த்து, "தூங்க விட்றாதீங்கப்பா" என்று ஒரு பெரியவர் உத்தரவு போட்டுவிடுவார். உடனே தெருவே சுற்றி உட்கார்ந்துவிடும், பங்காளிச் சண்டையிலிருந்து பார்த்த சினிமா வரைக்கும் விடியவிடியக் கதை ஓடும், சுக்குக் காப்பி கைமாறும், சிறுவர்களான எங்களைப் படுக்கச் சொல்லி அன்றைக்கு யாரும் அதட்ட மாட்டார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும்.

தூங்க விடாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்து எலும்பு விரிசல் விட்டு, அதன் உள்பக்கம் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்தால், மயங்கியவர் எழுந்து தெளிவாகப் பேசுவதுண்டு, சோறுகூடக் கேட்பார். எலும்புக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தேங்க, சில மணி நேரத்தில் குறட்டைவிட்டுத் தூங்குவதுபோலவே நினைவு தப்பிவிடும். "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு" என்று எழவு வீடுகளில் அழுதவர்களுக்கு அந்தக் கசிவு தெரியாது. மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றினால் பிழைக்க வைக்கலாம். அதற்குக் கை தேர்ந்தவர்கள் வேண்டுமே!

போர்க்களங்களில் தலைக்காயங்களைப் பார்த்துப் பழகிய ரஷ்ய அறுவை மருத்துவர் புர்தென்கோ, மாஸ்கோவில் மூளை அறுவைக்கென்றே ஒரு நிலையத்தை 1930களில் எழுப்பிவிட்டார். நம் நாட்டில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், மறு வருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தியும் தொடங்கினார்கள். ஸ்கேன் வராத அந்தக் காலத்தில் டார்ச்சும் சின்னச் சுத்தியலும்தான் துணை: கண்மணி ஒரு பக்கம் மட்டும் விரிகிறதா, சொன்னால் விரலை இறுக்கிப் பிடிக்கிறாரா என்று மணிக்கொரு தரம் படுக்கைக்கு வந்து பார்ப்பார்கள். கண் திறக்கிறாரா, பேச்சு வருகிறதா, கைகால் அசைகிறதா என்ற அந்த மூன்றையும் 1974இல் கிளாஸ்கோ டாக்டர்கள் படிப்படியான தரங்களாக வகுத்தபோது, அது உலகத்துக்கே அளவுகோலாயிற்று. எங்கள் திண்ணைப் பெரியவர்கள் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அவற்றைத்தான் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

இன்றைக்கு 108 ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போகிறது. வயசானவர்கள் இன்னும் எர்ஸ்கின் என்றே சொல்லும் மதுரைப் பெரியாஸ்பத்திரியில், தேங்கிய ரத்தம் ஸ்கேனில் சில நிமிஷத்தில் வெள்ளையாகத் தெரிந்துவிடுகிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, குறிப்பிட்ட வரம்பு வரை, 2021இல் வந்த திட்டத்தில் அரசே ஏற்கிறது. அந்தக் கதை ராத்திரிகள் போனதில் வருத்தம் இருந்தாலும், அவற்றுக்காக இதில் ஒரு நிமிஷத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தென்னையும் மாடும் தள்ளிய தலைகளைவிட பைக் தள்ளும் தலைகளே இப்போது அதிகமாகக் கண்ணில் படுகின்றன, மேலூர் ரோட்டில் போகிற பிள்ளைகளோ ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள். தம்பிகளா, அதைத் தலையில் போடுங்கள். விழுந்தவன் எழுந்து சிரித்துப் பேசினாலும் வாந்தி எடுத்தால், தூக்கம் தூக்கமாக வருகிறது என்றால், காப்பித்தூளைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.