ப்ரோ, டிரையத்லான் வர்றீங்களா?

மாரத்தான் ஓடுகிறவருக்கு இப்போதெல்லாம் ஆபீசில் மவுசு இல்லை. மாடிக்கு நாலு பேர் ஓடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டர்கூடப் பத்து கிலோமீட்டர் மெடலைப் போனில் காட்டுகிறார். "ஞாயித்துக்கிழமை ஓடினேன்" என்று சொன்னால் "அப்படியா, சாப்பிடப் போலாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். இந்த அவமானம் தாங்காமல் பிறந்தவர்தான் டிரையத்லான் ஆசாமி. ஓடினால் மட்டும் போதாது. முதலில் நீந்த வேண்டும், நீந்திய ஈரத்தோடு சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கிய கையோடு ஓட வேண்டும் என்று கண்டுகொண்டவர்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் எந்த ஐ.டி. கம்பெனியிலும் இவரை எளிதில் அடையாளம் காணலாம். மணிக்கட்டில் டிபன் பாக்ஸ் மூடி அளவுக்கு ஒரு வாட்ச். அதில் மணி பார்க்கமாட்டார், நாடித்துடிப்பு பார்ப்பார். சாதாரண மீட்டிங்கில் 58. அப்ரைசல் பேச்சு வந்தால் 110.

தனியாகப் போய்விட்டு வந்தால் ஊருக்கு நல்லது. ஆனால் இவருக்குத் துணை வேண்டும். "சின்னதுதான் ப்ரோ, ஸ்பிரின்ட்" என்று ஆரம்பிப்பார். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதைச் சொல்லும் தோரணையில், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும் போலத் தோன்றும். மூச்சு வாங்கும் பகுதியை ஆள் பிடித்த பிறகுதான் சொல்வார்.

கேன்டீனில் தயிர்சாதம் பிசைந்துகொண்டே சரித்திரம் தொடங்கும். 1974-இல் சான் டியாகோவில் ஓட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய போட்டி. 1978-இல் ஹவாயில், நீச்சல்காரன் பெரியவனா, சைக்கிள்காரன் பெரியவனா, ஓட்டக்காரன் பெரியவனா என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க ஒரு கடற்படை அதிகாரி நடத்திய முதல் அயர்ன்மேன். 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். ஜெயித்தவர் டாக்சி ஓட்டியவர். இதுவரை யாரும் தலை நிமிரவில்லை. இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உதவிக்கு வந்த நண்பர்கள் பீர் கொடுத்தார்கள் என்றதும் டெஸ்டிங் டீமில் மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள்.

பெயர் கொடுத்ததும் எக்செல் வரும். அதில் ஆளுக்கொரு நிறம், வாரத்துக்கொரு இலக்கு. புராஜெக்ட் பிளானை இவர் இவ்வளவு ஒழுங்காகப் போட்டு யாரும் பார்த்ததில்லை. காலை நாலரைக்கு வாட்ஸாப்பில் "யாரெல்லாம் எழுந்தாச்சு?" என்பார். கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. அதற்கும் எக்செல்லில் ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்.

நீச்சல் குளத்தில் ஆசாமிதான் வாத்தியார். மாணவர்களில் கோபிச்செட்டிபாளையத்துத் தம்பி ஒருவர், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகியவர். மேலிருந்து குதிக்கச் சொன்னால் பிரமாதம். நீந்தும்போது மட்டும் தலை தண்ணீருக்கு வெளியேதான் இருக்கும். "தலையை உள்ள வை ப்ரோ, தரையில இருக்கற கோட்டைப் பாரு. தலையைத் தூக்கினா இடுப்பு இறங்கும், வேகம் போயிடும்." சொன்னது உண்மைதான். தம்பி நிதானமாகக் கேட்டார்: "தலைய உள்ள உட்டுக்கிட்டா, கரை எங்க இருக்குதுன்னு எப்படிங்க தெரியும்?" எக்செல்லில் அவர் பெயருக்குச் சிவப்பு விழுந்தது.

சைக்கிள், ஈ.சி.ஆரில். முட்டுக்காடு பாலம் தாண்டிக் கோவளம் வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் வழியில் பொங்கல் வடை உண்டு என்பது எக்செல்லில் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். ஆசாமியின் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும் ரகம். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சோழிங்கநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது, சைக்கிள் நின்றது, குதிகாலைத் திருப்ப மறந்த ஆசாமி, உட்கார்ந்த கோலத்திலேயே மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து தரைக்கு வந்து சேர்ந்தார். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "சைக்கிளோட கட்டிப் போட்டுட்டாங்களா சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இந்த ஷூ விஷயத்தில் எல்லோரும் ஒருமுறையாவது விழுவார்கள் என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு. ஆனால் சைக்கிளின் விலையைச் சொல்லிக்கொண்டே விழுந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

வீட்டில் இந்த வீரம் செல்லாது. தெருமுனைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் "இன்னிக்கு ரெஸ்ட் டே" என்பார்.

போட்டி நாள். விடிவதற்குள் எல்லோர் கையிலும் மார்க்கரால் எண் எழுதிவிட்டார்கள். 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்றால் முப்பது முறை கடக்க வேண்டும். எண்ணுவதற்குக் கரையில் ஒரு கல்லூரிப் பையன். ஆசாமி கரையேறியதும் பையன் "இன்னும் ரெண்டு சார்" என்றான். "முப்பது ஆச்சு தம்பி." "இருபத்தெட்டுதான் சார்." வாட்சைக் காட்டி வாதாடினார். அந்த நேரத்தில் இரண்டையும் நீந்தியிருக்கலாம். கடைசியில் இறங்கி நீந்தத்தான் செய்தார்.

அடுத்தது டிரான்சிஷன். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் நேரமும் கணக்கில் சேரும். "அதுதான் ப்ரோ நாலாவது போட்டி" என்று ஆறு மாதமாகச் சொல்லி, ஆபீஸ் கார் பார்க்கிங்கில் செக்யூரிட்டி வேடிக்கை பார்க்க ஒத்திகை நடத்தியவர். துண்டு, பவுடர், கண்ணாடி, ஜெல் பாக்கெட் எல்லாம் வரிசையாக விரித்து வைத்திருந்தார். ஒத்திகையில் இல்லாத ஒன்று, ஈரம். நனைந்த காலில் சாக்ஸ் ஏறவில்லை. பாதி ஏறி, குதிகாலில் சுருண்டு நின்றது. பவுடர் போட்டார்; பவுடர் மாவானது. நின்றபடி இழுத்தார், உட்கார்ந்து இழுத்தார், சாக்ஸைத் திட்டினார். இடையில் கோபித் தம்பி ஈரப் பனியனோடு வந்து, ஹெல்மெட்டை மாட்டி, சாக்ஸ் என்ற ஒன்று இருப்பதையே நினைக்காமல் போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டத்தில் எல்லோருக்கும் பின்னால், சைக்கிளிலிருந்து இறங்கிய கால் சொன்னபடி கேட்காமல், எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் சார் தனியாக வந்துகொண்டிருந்தார். முடித்துவிட்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஆசாமி, கேட்காமலே திரும்ப ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டார். கடைசி ஒரு கிலோமீட்டரும் நாடித்துடிப்பைப் பற்றியே பேசினார். சார் வேகம் கூட்டியது அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் என்பது என் ஊகம். எப்படியோ, முடித்தார். வேறு யாருக்கும் திரும்பிப் போகத் தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் ஆசாமி முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். மார்க்கர் எண் அழியவில்லை; சோப்புப் படாமல் காப்பாற்றியிருந்தார். அடுத்தது கோவா, பாதி அயர்ன்மேன் என்று அறிவித்தார். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். புது எக்செல் திரையில் விரிந்தது. "நீச்சல் கடல்ல. அடியில கோடு கிடையாது. அதனால நாலு வீச்சுக்கு ஒருதரம் தலையைத் தூக்கி, கரை எங்க இருக்குன்னு பார்த்துக்கணும். இதுக்குத் தனி டெக்னிக் இருக்கு."

கோபித் தம்பி கையைத் தூக்கினார்.

"அதத்தானுங்க நான் மொதல்லயே கேட்டனுங்க."