மூன்று பனைக்குத் தெற்கே

ஆடி அமாவாசையன்று விடியுமுன்னே தாத்தா கிளம்பிவிடுவார். சொம்பில் தண்ணீர், இலையில் பச்சரிசியும் வெல்லமும், மடியில் ஓர் அகல். பின்னால் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர். விருதுநகர்ப் பக்கம் கரிசல்காடு. "மூணு பனைக்குத் தெக்க, கமலைக் கிணத்துக்குக் கிழக்க" என்பதுதான் விலாசம். சுடுகாட்டு மல்லி பூத்துக் கிடக்கும் இடம் வந்ததும் செருப்பைக் கழற்றுவார். அவருடைய அய்யா, ஆத்தா, சின்ன வயதில் வைசூரியில் போன தங்கச்சி என மூன்று மேடைகள். ஒவ்வொருவர் பேரையும் சொல்லி எங்களைக் கும்பிட வைப்பார்.

நாற்பது வருஷம் கழித்து, போன ஆடியில் அண்ணனும் நானும் அந்த இடத்தைத் தேடிப் போனோம். செல்போனில் புலப்படம் இருந்தது. சர்வே கல்லும் கிடைத்தது. சமாதியைத்தான் காணோம். ஊர் மயானம் என்றால் அரசுப் பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கும். பட்டாக் காட்டில் ஒரு குடும்பம் தன் மனிதர்களைப் புதைத்த இரண்டு சென்ட், கணக்கில் வெறும் புன்செய்தான். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறின. ஏக்கரும் சென்ட்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். பனைகள் சூளைக்குப் போய்விட்டன, கிணறு தூர்ந்துவிட்டது. மிச்சத்தைச் சீமைக் கருவேலம் மூடியிருந்தது.

வெள்ளாடு மேய்த்த பெரியவர் ஒருவர், "யார் வீட்டுப் பிள்ளைக?" என்று கேட்டார். தாத்தா பேரைச் சொன்னதும் தொரட்டியால் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "உங்க பூட்டிக்குக் குழி வெட்டினதுல நானும் ஒரு ஆளுய்யா."

முள்ளுக்குள் ஒரு மேடை மட்டும் பாதி நின்றது. சுண்ணாம்புக் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு விளக்கு மாடம். அதற்குள் விரலை விட்டேன். கரி ஒட்டியது. தாத்தா ஏற்றிய விளக்கின் கரி.

மறுவாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில், தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நகல் போட்டு வாங்கினோம். சொத்து விவரத்தின் கடைசியில் ஒரு வரி: சமாதி இரண்டு சென்ட் நீக்கி, போகவர நடைபாதை பாத்தியம் பொது. பிறகு நிலம் கைமாறிய பத்திரங்களில் எங்கள் குடும்பமே அந்த வரியை விட்டுவிட்டது.

இனி நினைத்தபடி சொந்தக் காட்டில் அடக்கம் செய்ய முடியாது. 1999-ஆம் ஆண்டு ஊராட்சி விதிகளின்படி அதற்கு உரிமம் வேண்டும். குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். அதனால் காட்டுக்குள் இருக்கும் பழைய சமாதிகள் குறையுமே தவிர, கூடப்போவதில்லை.

உங்கள் காட்டிலும் அப்படி ஒரு மேடை இருந்தால், இடம் தெரிந்த மூத்தவர் நடமாடும்போதே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சர்வே கல்லிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, பேரோடு எழுதி வையுங்கள். நிலத்தை விற்க நேர்ந்தால் அந்த இரண்டு சென்ட்டையும் போகும் பாதையையும் நீக்கி எழுதச் சொல்லுங்கள். பனை விழுந்தாலும் பத்திரத்தில் அந்த ஒரு வரி நிற்கும்.